பள்ளிக்குப் பூட்டு! பிள்ளைக்கு?

காலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பார்த்த தோழர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கோயில் மணி. மறு பக்கம் தறி ஓசை. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வரதராசர் கோயிலுக்கும் ஊர் ஊராக வருகிறவர்கள் மணி ஓசை கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தறி ஓசைக்குக் காது கொடுப்பவர் யார்? பட்டு உடுத்துவோர் பளபளப்பைப் பார்ப்பர்; அதைப் பெற்றெடுத்த குழித்தறியைப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் ஓசை உண்டு. அதுதான் பள்ளிக்கூட மணி. நெசவாளி வீட்டுச் சிறுவனையும் சிறுமியையும் தறிக்குழியின் ஓரத்திலிருந்து எழுப்பி, முகம் கழுவ வைத்து, பையைத் தோளில் மாட்டி, தெருவுக்கு அனுப்புகிற ஆற்றல் அந்த மணிக்கு மட்டுமே உண்டு. தாத்தாவை எழுப்பாத மணி, தந்தையை அரைகுறையாக எழுப்பிய மணி, பேரப்பிள்ளையை எழுப்பிவிட்டது. நமது இயக்கம் ஒரு நூற்றாண்டாகப் பாடுபட்டதன் பயனை ஒரே ஓசையில் கேட்க வேண்டுமானால், அந்த மணியைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மணி 2020 மார்ச்சில் நின்றது.

கொரோனாக் கொடுநோய் வந்தது, பள்ளிகளைப் பூட்டினார்கள். பூட்டியதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. உயிர் இருந்தால்தானே எழுத்து! ஆனால், கோயில் மணியும் அடங்கியிருந்த அந்தக் காலத்தில் எது எது எப்போது திறந்தது என்று எண்ணிப் பாருங்கள். மதுக்கடை 2020 மே மாதத்திலேயே திறந்தது. கோயில் 2020 செப்டம்பரில் திறந்தது. உயர்வகுப்பு மாணவர்களுக்கு 2021 சனவரியில் பள்ளி திறந்து, மறுபடி மூடி, மறுபடி செப்டம்பரில் திறந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு திறந்தது. ஆறரை வயதில் அந்தக் கதவுக்குள் நுழைந்த குழந்தைக்கு, அது வாழ்ந்த நாளில் நான்கில் ஒரு பங்கு பூட்டிய பள்ளிக்கு வெளியே கழிந்துவிட்டது!

அது போன கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். போன கதை அல்ல. 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பள்ளிகள் பல நாட்கள் திறக்கவில்லை. 2019இல் அத்திவரதர் 48 நாட்கள் காட்சி தந்தார். கூட்டம் பெருகிய கடைசி நாட்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2022 சனவரியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. பிள்ளைகள் மீண்டும் வீட்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மீண்டும் விடுமுறை. வெள்ளம் வரும், வெப்பம் வரும், நோய் வரும், விழா வரும். அடுத்த பூட்டு எந்த நாளில் என்பதுதான் தெரியாது. பூட்டு வரும் என்பது தெரியும். ஆகவே பூட்டு விழும் முன்பே கேட்கிறோம்: பள்ளிக்குப் பூட்டு விழுந்த அன்று பிள்ளை எங்கே இருக்கும்?

செல்போன் வந்தது, பாடம் வந்ததா?

செல்போனில் பாடம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், செல்போன் இருந்தால்! நெசவாளி வீட்டில் ஒரு போன் இருந்தது. அது தந்தையின் சட்டைப்பையில் இருந்தது. முதலாளி கூப்பிடுவார், கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கூப்பிடுவார்கள், பாவு வந்ததா பட்டு வந்ததா என்று கேட்க வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அந்தப் போனுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டுவதற்குக் கூலி வேண்டும். கூலிக்குச் சேலை விற்க வேண்டும். கல்யாணங்களே கதவைச் சாத்திக்கொண்டு நடந்த காலத்தில் கல்யாணப் பட்டு எங்கே விற்கும்? ஆக, பள்ளி மூடிய அதே நாட்களில் அடுப்பும் பாதி மூடியது.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்நாட்களில் கை கொடுத்தது; மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாது. ஐந்து வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்காது. எழுதியதைப் பார்த்து 'சபாஷ்' என்று சொல்லாது.

2021 ஆகஸ்டில் நாட்டின் பதினைந்து மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் பொருளாதார அறிஞர் ழான் திரேசு உள்ளிட்ட குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். கிராமப்புறத்தில் செல்போன் வழியாக ஒழுங்காகப் படித்து வந்தோர் நூற்றுக்கு 8 பேர். படிப்பே இல்லாமல் இருந்தோர் நூற்றுக்கு 37 பேர். மாடி வீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி, மேசை, தனி ஆசிரியர். தறி வீட்டுப் பிள்ளைக்குத் தறியின் ஓரம்! ஒரே நோய்தான், ஒரே பூட்டுதான். ஆனால் இழப்பு ஒன்றா?

சரி, தறியின் ஓரத்தில் இருந்தால் என்ன, ஓரமாக உட்கார்ந்திருக்கட்டுமே என்பார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. காஞ்சித் தறியை அறியாதவர்களுக்காக அதைச் சற்று விளக்க வேண்டும்.

தறியில் ஒரு சின்ன இருக்கை

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் இழை இழையைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் பிரியாது. இதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளி ஒருவரே மூன்றையும் எறிந்து மூன்றையும் வாங்கிவிட முடியாது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். கை சிறிதாக இருந்தால் போதும். கூலி அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்! அந்த இருக்கையில் தலைமுறை தலைமுறையாக யாரை உட்கார வைத்தார்கள்? குழந்தையைத்தான் தோழர்களே, குழந்தையைத்தான்!

தந்தை முன்பணம் வாங்குவார். பிள்ளை கோர்வை போட உட்காரும். கடன் தீராது, பிள்ளை எழாது. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் உலக அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. காசியின் பெயரும், கருநாடகத்தின் பெயரும் இருந்த அந்த அறிக்கையில் நமது காஞ்சியின் பெயரும் இருந்தது. அண்ணன் பிறந்த ஊரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது கண்டு தலைகுனிந்தோம்.

பிறகு தலை நிமிர்ந்தோம். சட்டம் பேசிய அதிகாரிகளும், வீடு வீடாக ஏறிய ஆசிரியர்களும், சத்துணவு ஆக்கிய அம்மாக்களும், தன் பிள்ளையை எழுப்பிவிட்டுத் தானே அந்த இருக்கையில் உட்கார்ந்த நெசவாளியின் மனைவியும் சேர்ந்து, அந்தச் சின்ன இருக்கையிலிருந்து பிள்ளைகளை எழுப்பினார்கள். பள்ளிக்கூட மணிக்கு வலிமை வந்தது அப்படித்தான்.

இப்போது புரிகிறதா? பள்ளிக்குப் பூட்டு விழுந்தால் மற்ற ஊரில் பிள்ளை தெருவில் ஆடும், மரம் ஏறும். காஞ்சியிலோ அதற்கென்று அளவெடுத்துச் செய்த ஓர் இருக்கை வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிறது! ஒரு நாள் "சும்மா கொஞ்சம் கை கொடு" என்று தொடங்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஒரு மாதத்தில் பிள்ளையின் கூலி குடும்பக் கணக்கில் ஏறிவிடும். ஏறிய பிறகு, பள்ளி திறந்த அன்று, மணி அடிக்கும், பிள்ளை எழாது.

1953ஐ மறக்கலாமா?

வீட்டிலேயே கற்கட்டும் என்னும் வாசகம் நமக்குப் புதிதா? 1953இல் இதே வாசகத்தை ஆச்சாரியார் சொன்னார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பாடம். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அதற்குப் 'புதிய கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார். நாடு அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று சரியான பெயர் வைத்தது! பெரியாரின் படை ஒரு புறம், நமது கழகம் ஒரு புறம் களம் கண்டன. 1953 சூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அந்தத் திட்டத்தின் மீது பாய்ந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதே 1953இல் கழகத் தோழர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளி கஞ்சிக்கு அலைந்தபோது, அண்ணன் முதல் தொண்டன் வரை துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். இந்த இரண்டு செயல்களையும் சேர்த்துப் பாருங்கள். நெசவாளியின் துணியைத் தோளில் சுமந்தோம். நெசவாளியின் பிள்ளையைத் தறியில் கட்டாதே என்று போராடினோம். நெசவை இழிவென்று நாம் சொன்னதில்லை. உயர்ந்த கலை அது! அந்தக் கலையைப் பிள்ளை விரும்பிக் கற்கட்டும், படித்து முடித்துத் தேர்ந்தெடுக்கட்டும்; பிறந்த வீட்டைக் காட்டி அதன் கையில் நாடாவைத் திணிக்காதே என்றுதான் சொன்னோம்.

காஞ்சி கல்விக்குப் பெயர் போன ஊர் என்பார்கள். உண்மைதான். நான்காம் நூற்றாண்டில், பின்னாளில் கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிப்பதற்காக இங்கிருந்த கடிகைக்கு வந்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அது வேதம் ஓதியவர்களின் கடிகை. கடிகை இருந்த ஊரில்தான் கைநாட்டும் இருந்தது. யாருக்குப் படிப்பு, யாருக்குப் பதவி என்ற கேள்வியைப் பெரியார் 1925இல் காங்கிரசு மாநாட்டில் எழுப்பி, விடை கிடைக்காமல் வெளியேறியதும் இதே காஞ்சியில்தான்.

இன்றைய சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று தடை விரிந்தது, வரவேற்றோம். ஆனால் வாசலை அடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தார்கள். அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாமாம்! அப்படியானால் பள்ளி பத்தொன்பது மாதம் மூடிக் கிடந்தபோது எது பள்ளி நேரம், எது விடுமுறை? அந்தச் சன்னல் வழியே 1953 எட்டிப் பார்த்ததா இல்லையா?

வர்ஜீனியா சொல்லும் பாடம்

இத்தகைய பூட்டுகளை உலகம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறது. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பள்ளி திறப்பதைத் தள்ளி வைத்தார்கள். வானொலியில் பாடம் நடத்தினார்கள். நாளேடுகள் பாடக் குறிப்புகளை அச்சிட்டுக் கொடுத்தன. ஆனால் அந்த வானொலிப் பாடம் மூன்றாம் வகுப்புக்கு மேல்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் பெட்டியிலிருந்து வரும் குரலால் பாடம் சொல்ல முடியாது என்பதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

இன்னொரு பூட்டு, நோயால் விழுந்ததல்ல, வெறியால் விழுந்தது. அதே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்சு எட்வர்டு என்றொரு மாவட்டம். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு அந்த மாவட்ட ஆதிக்கக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1959இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடினார்கள்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வைத்துக்கொண்டார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு 1964 வரை பொதுப் பள்ளி இல்லை. அந்த ஐந்தாண்டில் அந்த மக்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. நீதிமன்றத்தில் ஒரு பக்கம் வழக்காடினார்கள். மறு பக்கம் தேவாலயங்களின் அடித்தளங்களில் தாய்மார்களும் ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தும் எண்ணும் மறக்காமல் காத்தார்கள். முழுப் பள்ளிக்கு அது ஈடாகவில்லை. பல பிள்ளைகள் படிப்பை இழந்தே போனார்கள். ஆனாலும் அந்த மக்கள் காட்டிய வழி ஒன்று உண்டு: கதவைத் திற என்று போராடிக்கொண்டே, கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக் கொடு!

நமது நாட்டிலும் அந்த வழி பலன் தந்திருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மாலையில் ஒன்றரை மணி நேரம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருவின் பெண்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த தங்கைகள், கல்யாணமாகி வந்த மருமகள்கள்! கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டது இது: பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அறிஞர் பேச்சை விட்டுத் தெருப் பேச்சில் சொன்னால், எதிர் வீட்டு அக்கா ஒரு திண்ணையில் உட்கார்ந்தாள். ஊர் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்!

ஆனால் அதையே சொல்லி மார்தட்டிக்கொண்டிருக்க மாட்டோம். 2022இல் எடுத்த ஏசர் கணக்கின்படி, தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 5 பேரைக்கூட எட்டவில்லை. 2018இல் 10 பேர். பூட்டுக்கு முன்பே நிலை நன்றாக இல்லை; பூட்டு அதைப் பாதியாக்கியது. பெரிய பிள்ளை புத்தகத்தைத் திறந்து தானே படித்துக்கொள்ளும். எழுத்துக் கூட்டும் பிள்ளையோ பாதிப் பாலத்தில் நிற்கிறது. விட்டுவிட்டால் தொடங்கிய கரைக்கே திரும்பிவிடும். பூட்டு விழுந்தால் முதலில் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டியது அந்தச் சின்னக் கையைத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"நாங்கள் என்ன படித்தவர்களா, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க?" என்று உழைப்பாளித் தோழர் கேட்பார். கேட்கட்டும். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தேவைப்படுவது பெரும் படிப்பு அல்ல. நாளுக்கு ஒரு மணி நேரமும், கேட்க ஒரு காதும், கோபிக்காத ஒரு வாயும் போதும்.

முதலில் வாசிப்பு. காலையில் இந்த ஏட்டை நீங்கள் படிக்கிறீர்கள். வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளையை மடியில் வைத்துத் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டுங்கள். நேற்றுக் கண்ட எழுத்து இன்றைய தலைப்பில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத தோழரா? வெட்கம் வேண்டாம். பிள்ளையிடம் ஏட்டைக் கொடுத்து, "எனக்குத் தெரியாதப்பா, நீ படித்துச் சொல்" என்று கேளுங்கள். தந்தைக்கு ஆசிரியராகும் பிள்ளை இரட்டிப்பாகக் கற்கும்.

அடுத்தது பேச்சு. காஞ்சி நெசவாளர் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உண்டு, கன்னடம் பேசுவோரும் உண்டு. எந்த மொழியானாலும் பாட்டி சொல்லும் கதை பாடம்தான். கதையைப் பாதியில் நிறுத்தி "பிறகு என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதைத் தமிழில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பலகை இல்லையா? தரையும் சுண்ணக்கட்டியும் போதும்.

மூன்றாவது கணக்கு. கணக்குக்கு நம் வீட்டைவிட நல்ல பள்ளி எது? ஆறு கெசச் சேலைக்கு எத்தனை முழம்? பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஒரு முழம் நெய்தால் எத்தனை நாள்? இரண்டு நாள் கரண்ட் போய் இருட்டில் வேலை நின்றால் எத்தனை நாள்? ஒரு மார்க் சரிகை 242 கிராம்; இரண்டு மார்க் எவ்வளவு? கட்டம் போட்ட தாளில் மயிலையும் மாங்காயையும் வரைந்துதானே கரைக்கு டிசைன் எடுக்கிறோம்? அந்தத் தாளில் பிள்ளை கட்டங்களை எண்ணட்டும், வண்ணம் தீட்டட்டும். தறிக்கு மேலே தொங்கும் சக்கார்டு அட்டையைக் காட்டுங்கள். ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்துச் சக்கார்டு 1804 வாக்கில் கண்ட அந்த அட்டைதான், பிற்காலத்தில் கணிப்பொறி செய்ய முனைந்தவர்களுக்கு வழிகாட்டியது என்று சொல்லுங்கள். அப்பா ஓட்டும் தறியைப் பிள்ளை பெருமையோடு பார்க்கும்.

ஆனால் ஓர் எல்லைக் கோடு உண்டு. அதைத் தாண்டக் கூடாது. தறியைப் பார்த்துப் பிள்ளை கணக்குக் கற்கலாம். பிள்ளையின் கையைத் தறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேள்வி கேட்க உட்காரலாம். கோர்வை போட உட்காரக் கூடாது. நாள்தோறும் உட்கார்ந்தால், கூலி குறைந்தது என்று திட்டு வாங்கினால், எழுந்து ஓட முடியாவிட்டால் அது கல்வி அல்ல, வேலை.

இந்த ஒரு மணி நேரத்தை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போகும் தோழருக்கும் ஒரு சொல். அவள் தார் சுற்றுகிறாள், சோறு ஆக்குகிறாள், பாதி வீடுகளில் கோர்வையும் அவளே போடுகிறாள். பிள்ளையின் படிப்பும் அவள் வேலையா? மேடையில் பெண்ணுரிமை முழங்கும் வாய், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு 'ஆ, ஆடு' சொன்னால் குறைந்தா போகும்?

கிளைக்கு ஒரு கேள்வி

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்த இயக்கத்தை வளர்த்தது எது? படிப்பகம். கீற்றுக் கொட்டகையில் நாலு ஏடு, இரண்டு பெஞ்சு. ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவன் அங்கே அரசியல் கற்றான். உலக நடப்பை அறிந்தான். தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் நமக்குக் கல்லூரிகளாயின. காஞ்சியில் 1942இல் அண்ணன் தொடங்கிய 'திராவிட நாடு' ஏடு போய்ச் சேர்ந்த இடமெல்லாம் அப்படித்தான் படிக்கப்பட்டது.

பள்ளிகள் பூட்டிக் கிடந்த அந்தப் பத்தொன்பது மாதத்தில் நாம் அரிசி கொடுத்தோம், காய்கறி கொடுத்தோம், முகக்கவசம் கொடுத்தோம். பாராட்டத்தக்க தொண்டு. ஆனால் நம் படிப்பகங்களில் எத்தனை, நோய் தணிந்திருந்த மாதங்களிலேனும், பத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தன? கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடித்தோம். அதன் அடியில் ஒரு பாய் விரித்தோமா? பசித்த வயிற்றுக்கு ஓடிய நாம், பசித்த எழுத்துக்கு ஓடவில்லை. குறையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அதைத் திருத்தாமல் இருப்பதில்தான் வெட்கம்.

ஆகவே அடுத்த பூட்டுக்கு இப்போதே ஆயத்தமாவோம். ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கட்டும். வாக்காளர் பட்டியல் வைத்திருக்கிறோமே, அதைப் போல! இருபது பிள்ளைக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி என்று பெயர் எழுதி வைக்கட்டும். பள்ளி மூடிய மூன்றாம் நாள் படிப்பகத்திலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ பாய் விரியட்டும். கூடக் கூடாத நோயா? திண்ணைக்கு மூன்று பிள்ளை என்று பிரித்துக்கொள்ளட்டும். பட்டியலில் உள்ள பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டட்டும். தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் சண்டை பிடிக்க வேண்டாம், அப்பாவிடம் பேசட்டும்.

பேசும்போது அவர் ஒன்று கேட்பார். "பிள்ளையை எழுப்பிவிடுகிறேன், கோர்வை போடும் ஆளுக்குக் கூலி யார் தருவார்? வாங்கிய முன்பணத்தை யார் அடைப்பார்?" நேர்மையான கேள்வி. அதற்குத் திண்ணையில் விடை இல்லை. அரசிடமும் பட்டு முதலாளிகளிடமும்தான் இருக்கிறது. 2020இல் சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள் அல்லவா? அந்த வழக்கத்தை விரிவாக்கச் சொல்வோம். பள்ளி மூடும் ஆணையோடு சேர்ந்தே உணவுப் பொருளும் கதைப் புத்தகமும் எழுது பலகையும் வீட்டுக்கு வரட்டும். நெடுநாள் பூட்டென்றால் நெசவாளிக்கு நிவாரணக் கூலி வரட்டும். கோர்வை போடும் பெரியவருக்குரிய கூலியைச் சேலை விலையிலேயே கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் சேர்க்கட்டும். அரை இலட்சத்துக்குச் சேலை கட்டுவோர், அதில் குழந்தைக் கை படவில்லை என்பதற்காகச் சில நூறு கூடுதலாகத் தந்தால் ஏழையாகிவிட மாட்டார்கள்!

எந்த ஆட்சி இருந்தாலும் இதைக் கேட்போம். நம்மவர் இருந்தால் உரிமையோடு கேட்போம். மற்றவர் இருந்தால் உரக்கக் கேட்போம்.

1909இல் இந்தக் காஞ்சியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. எளிய வீடு. அந்தப் பிள்ளையை யாரேனும் "பள்ளி எதற்கு, இப்படி உட்கார்" என்று தறியின் ஓரத்தில் உட்கார வைத்திருந்தால்? வைக்கவில்லை. இதே ஊரின் பச்சையப்பன் பள்ளிக்கு அனுப்பினார்கள். பின்னர் சென்னைக்குப் போய்ப் பட்டம் பெற்று, எழுதி, பேசி, நாட்டையே எழுப்பி, 1967இல் கோட்டைக்குப் போய் அமர்ந்தது அந்தப் பிள்ளை. இன்று பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறி ஓரத்தில் எந்த அண்ணா உட்கார்ந்திருக்கிறான், எந்த அண்ணா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த முறை பள்ளிக்கூட மணி ஓயும்போது, தோழர்களே, தெருவில் வேறொரு ஓசை எழட்டும். திண்ணைக்குத் திண்ணை பிள்ளைகள் கூட்டிப் படிக்கும் ஓசை! அது கேட்கும் வரை படிப்பகத்தின் சாவி நம் மடியில் இருக்கக் கூடாது. கதவில் இருக்க வேண்டும்.